கைக்குத் தட்டாத வண்டி

கொம்பையாவின் வலது உள்ளங்கைக்கு ஒரகடத்தில் ஒரு மரியாதை இருந்தது. லாரி கேபின் செய்யும் கம்பெனியில், பெயின்ட் ஷாப்பில் அவனுக்கு வேலை. பிரைமர் காய்ந்து வரிசையில் நகர்ந்து வரும் கேபின்மேல் வெள்ளைக் கையுறையோடு தடவிக்கொண்டே போவான். ஊசிமுனைத் துளை, ஒட்டிக்கொண்ட தூசி, வழிந்து உறைந்த சொட்டு எதுவானாலும் கண்ணுக்குத் தெரியும் முன்பே கை சொல்லிவிடும். தட்டிய இடத்தில் நின்று, தண்ணீர் தொட்டுத் தேய்த்து, சமமாக்கிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். "கைக்குத் தட்னா ரிஜெக்ட்டு" என்பது சூப்பர்வைசரின் மந்திரம். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களை, "போயி கொம்பையா கையப் பாரு, அப்பால வண்டியப் பாரு" என்று இவனிடம்தான் தள்ளிவிடுவார்.

மரியாதை கைக்கு மட்டும்தான். ஆள் கான்ட்ராக்ட். பெர்மனென்ட் ஆட்களுக்கு நீலச் சட்டை, இவனுக்குச் சாம்பல் சட்டை. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஐ.டி.ஐ. முடித்த கையோடு 2007இல் வந்தவன். வந்த வருடமே நிரந்தரம் ஆக்கிவிடுவார்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தான். அப்புறம் வீட்டில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

பென்னலூரில் கோதண்டம் என்பவரின் மாடியில் ஒற்றை அறை. தெற்கத்திப் பையன்கள் நாலைந்து பேர் அதில் படுத்தெழுந்தார்கள். ஷிப்டுக்கு ஷிப்ட் ஆள் மாறும், பாய் மாறாது. கோதண்டம் ஐம்பதைத் தாண்டியவர். நிலம் சிப்காட்டுக்குப் போன பிறகு மாடிக்கு மேல் மாடி எடுத்து வாடகையில் காலம் தள்ளினார். கொம்பையா அவரை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டதும் முகத்தைச் சுளித்தார்.

"இன்னாப்பா, மளிகைக் கடைக்காரனக் கூப்புடற மாதிரி கூப்புட்றே. இங்கல்லாம் அண்ணேன்னு சொல்லு, போதும்."

"எங்கூர்ல மரியாதைக்குரிய ஆள அப்பிடித்தான் சொல்லுவாவ, அண்ணாச்சி."

"சரி வுடு. கடன் மட்டும் கேக்காத."

2010 ஐப்பசியில் ஒரு மழைநாள். அறைத் தோழன் மாரிசெல்வத்தின் பைக்கை நனையாமல் நிறுத்த இடம் தேடி, கொல்லைப்புறத்து மாட்டுக் கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு போனான் கொம்பையா. மாடு போய் வருஷங்கள் ஆகியிருந்தன. தண்ணீர் கேன்களுக்கும் உடைந்த கட்டிலுக்கும் நடுவே தார்ப்பாய் மூடி என்னவோ கிடந்தது. பாயைத் தூக்கினான். ஒரு பழைய ஃபியட். சக்கரம் நான்கும் தரையோடு அழுந்தி, மாடு படுத்த மாதிரியே படுத்திருந்தது. அவன் கை தன்னால் போய் அதன் மேற்கூரையைத் தடவியது. மேடு, பள்ளம், கொப்புளம், துரு. ஒரு கூரையில் இத்தனை ரிஜெக்ட்டை அவன் ஆயுளில் தொட்டதில்லை. ஆனால் அடியில் தகடு கனமாக, வளைவு வழுக்கிக்கொண்டு போகிறதும் கைக்குத் தெரிந்தது.

"எங்கப்பா ஒரு டாக்டர் கையிலேர்ந்து வாங்கினது" என்றார் கோதண்டம். "பின்ன எம்பேர்ல மாத்திக் குடுத்தாரு. இப்ப எலிக்குத்தான் வூடு."

"என்ன செய்யப் போறிய?"

"காயலாங்கடைக்காரன் ரெண்டு வாட்டி வந்து பாத்துட்டுப் போயிகிறான்."

அன்று முழுக்கக் கொம்பையாவுக்கு ஒரே நினைப்பாக இருந்தது. ஒரு நாளில் அவன் கை எத்தனையோ கேபின்களைத் தொடுகிறது. ஒன்றைக்கூட அவன் இரண்டாம் முறை பார்த்ததில்லை. லீவு நாளில் தண்டலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பெங்களூர் ரோட்டில் போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். தான் தொட்டது எது என்று கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. எல்லாம் ஒரே மாதிரி பளபளத்துக்கொண்டு போகும். அவ்வளவு வழவழப்பில் எவன் கை பட்டது என்று எப்படித் தெரியும்? தன் கை பட்டுத் தன்னிடமே நிற்கிற ஒரு வண்டி வேண்டும் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

பல்சர் வாங்கச் சேர்த்து வைத்திருந்ததைக் கோதண்டத்திடம் கொடுத்தான். காயலாங்கடைக்காரன் சொன்ன விலைக்கே கொடுத்தார். ஆர்.சி. புத்தகத்தையும் கையில் வைத்தார்.

"பேரு மாத்தணும்லா, அண்ணாச்சி?"

"மொதல்ல ஓடட்டும்ப்பா. ஓடாத வண்டிக்கு இன்னாத்துக்கு ஆபீஸ் ஆபீஸா அலையறது? ஓட்டிக் காட்டு, மறுநாளே வந்து கையெழுத்து போட்றேன்."

மாரிசெல்வம் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு வெகுநேரம் சிரித்தான். "ஏலே, பழைய காருக்கு மட்டும் கிளாசிக்குன்னு பேரு. என் பழைய சட்டைய ஏன்லே கந்தலுங்கீய?" ஆனால் அவனேதான் செல்போனில் தேடி, சென்னையில் பழைய கார் ஊர்வலம் போன படங்களைக் காட்டினான். குல்லா வைத்த பெரியவர்கள், பட்டுப் புடவைப் பெண்கள், பக்கத்தில் கண்ணாடி மாதிரி கார்கள். "இதுக்கெல்லாம் கோட்டி புடிச்ச மாதிரி துட்டு குடுக்கானுவ மக்கா. ஐ.டி. காரனுவளும் கம்பெனி மொதலாளிமாரும்தான். நீ மட்டும் இத ஒப்பேத்திட்டன்னா நாம ரெண்டு பேரும் இங்க சாம்பச் சட்ட போட வேண்டாம்."

"நான் விக்கதுக்கு வாங்கல" என்றான் கொம்பையா.

அது நல்ல காலம். ஒரகடத்தில் மாதத்துக்கு ஒரு கம்பெனி திறப்பு விழா. ஓ.டி. கேட்க வேண்டியதில்லை, பிடித்து உட்கார வைத்தார்கள். வந்த ஓ.டி. எல்லாம் பூந்தமல்லியில் தகடாகவும் பிரைமராகவும் தேய்க்கிற தண்ணீர்த் தாளாகவும் மாறிக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. எஞ்சினைத் தண்டலத்து மெக்கானிக் ஒருவர் பார்த்துக்கொடுத்தார். உடம்பு முழுக்கக் கொம்பையாவின் பொறுப்பு. தேய்க்கத் தேய்க்கப் பழைய பெயின்ட் அடுக்கடுக்காக வந்தது: மேலே கறுப்பு, அதற்கடியில் மெரூன், அதற்கும் அடியில், வெங்காயத்தின் உள்தோல் மாதிரி, ஒரு வெளிர்பச்சை. அந்தப் பச்சை தெரிந்த இடத்தில் தேய்ப்பதை நிறுத்திவிட்டு விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். வண்டி பிறந்த நிறம் அதுதான். அதையே அடிப்பது என்று முடிவு செய்தான்.

ரத்னா அவனுக்குப் பழக்கமானது அந்தப் பச்சையால்தான். சுங்குவார்சத்திரத்துக்காரி. எலக்ட்ரானிக் கம்பெனி ஒன்றில் வேலை. கோதண்டம் வீட்டுக்கு எதிரில் பெண்கள் ஹாஸ்டலில் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டகை வாசலில் நின்று, "இன்னா கலர் இது? ஆஸ்பத்திரி செவுரு மாதிரி கீது" என்றாள். கொம்பையாவுக்குப் பெண்களிடம் பேச்சு வராது. உள்ளே போய் வண்டிக் கதவைத் திறந்து வெயிலில் காட்டினான். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வெயில்ல பரவால்ல" என்றாள். அடுத்த ஞாயிறும் வந்தாள்.

2012 தையில் வல்லக்கோட்டை முருகன் கோயிலில் கல்யாணம். ஊரிலிருந்து அப்பா மட்டும் வந்து, மஞ்சள் பையோடு நின்று, மஞ்சள் பையோடு போனார். கோதண்டம் கீழ்ப்போர்ஷன் ஒன்றை ஒழித்துக் கொடுத்தார்.

கல்யாணத்துக்குப் பிந்திய கோடையில்தான் எஞ்சின் பக்கத்து வேலையை எடுத்தான். எஞ்சின் வெளியே இறக்கி வைத்திருந்தது. அது இருக்கும் பள்ளத்தின் பின்சுவர் முழுக்கத் தாரும் எண்ணெயும் துருவும் படிந்து கருங்கல் மாதிரி இருந்தது. பானெட்டை மூடிவிட்டால் யாரும் பார்க்கப்போவதில்லை. மெக்கானிக்கூட, "மேலாக்க கறுப்பு அடிச்சி வுட்டுடு தம்பி" என்றார். கொம்பையாவுக்கு மனசு கேட்கவில்லை. கிரைண்டரை எடுத்து உட்கார்ந்தான். சுத்தமாகிக்கொண்டே வந்த தகட்டில், வலது ஓரமாக, விரல் நீளத்துக்குச் சின்னச் சின்ன மேடும் குழியுமாகக் கைக்குத் தட்டியது. துரு தின்ற இடம் என்று நினைத்தான். ரத்னா டீ கொண்டு வந்து வைத்தாள். "உள்ள யாரு வந்து பாக்கப் போறா மாமா?" என்றாள். "கைக்குத் தட்டுது பாரு" என்று அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினான். அப்புறம் வெள்ளியாய் மின்னும்வரை தேய்த்து, பள்ளத்துக்குப் பட்டி பூசி, பிரைமர் அடித்தான். மறுபடி அவள் விரலை வைத்துக் காட்டினான்.

அந்த ஆயுத பூஜைக்கு வண்டி கொட்டகையை விட்டு வெளியே வந்தது. கோதண்டம் பூசணிக்காய் உடைத்தார். வெளிர்பச்சை வண்டி தெருவில் நின்றபோது எதிர்வீட்டு ஜன்னல் அதன் பக்கவாட்டில் நெளியாமல் தெரிந்தது. ரத்னாவை முன்சீட்டில் வைத்துத் தெருக்கோடி வரை போய், ரிவர்ஸிலேயே திரும்பி வந்தான். ரோட்டுக்குக் கொண்டு போக முடியாது. எஃப்.சி. செத்து, ரெஜிஸ்ட்ரேஷன் செத்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. "அடுத்த மாசம் பேரு மாத்திக்கலாம்" என்றார் கோதண்டம். அடுத்த மாதம் மழை. அதற்கடுத்த மாதம் அவர் மகளுக்குச் சீமந்தம். வண்டி எங்கேயும் போய்விடாது என்று இவனும் விட்டுவிட்டான். தெருக்கோடி வரை போய்வருவதே அவனுக்குப் போதுமாக இருந்தது.

மறு வருஷம் லாரி வாங்குவதை ஊரே நிறுத்திவிட்டது போல் ஆயிற்று. முதலில் ஓ.டி. நின்றது. பிறகு மூன்று ஷிப்ட் இரண்டாகியது. பிறகு மாதத்தில் சில நாட்கள் 'நோ புரொடக்‌ஷன்' என்று போர்டில் எழுதி ஒட்டினார்கள். யார்டில் பெயின்ட் அடித்த கேபின்கள் சக்கரமில்லாமல் அடுக்கடுக்காக நின்று வெயில் காய்ந்தன. தண்டலத்து பெஞ்சில் உட்கார்ந்து லாரி பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல், தொட்டதெல்லாம் இப்போது கண்ணெதிரிலேயே இருந்தது. மாரிசெல்வத்தை நிறுத்தினார்கள். அவன் திருப்பூருக்குப் போனான். போகும்போது வண்டியின் பானெட்டில் ஒரு தட்டுத் தட்டி, "மக்கா, இது ஒண்ணுதான் நமக்கு பெர்மனென்ட்" என்றான்.

2014 மழைக்காலத்தில் ரத்னாவின் கம்பெனியை மூடினார்கள். ஒரு வாரம் கேட் முன்னால் உட்கார்ந்துவிட்டு, எட்டாம் நாள் குடையை மறந்து நனைந்துகொண்டு வந்தாள். அதே மாதம் கான்ட்ராக்டர் கொம்பையாவைக் கூப்பிட்டு, "பொங்கல் வரிக்கும் ஓட்டலாம்ப்பா. அதுக்கப்புறம் இங்க கெடையாது. பூனால ஒரு சைட் எடுத்துக்கிறேன், வரியா? தனியாள்தான் வரணும், தங்க ஷெட்டு கீது" என்றான்.

அன்றிரவு சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இருவரும் பேசினார்கள்.

"எங்கூருக்குப் போயிருவோமா, ஏட்டி?"

"உங்கூர்ல நா இன்னா பண்ணுவேன்? தீப்பெட்டி ஒட்டவா? எங்கம்மாவ யாரு பாத்துக்கறது?"

"அப்பம் பூனாவுக்கு நான் மட்டும் போகவா?"

அவள் ரசத்தை ஊற்றினாள். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, "வண்டிய குடுத்துடலாமா மாமா?" என்றாள். தண்டலத்தில் அவளுக்குத் தெரிந்தவர்களின் ஷெட் ஒன்று காலியாக இருந்தது. ஒரு கம்ப்ரசர், இரண்டு கன், முன்பணம். சொந்தமாகப் பெயின்டிங் பட்டறை. கார் இடித்துக்கொள்வதற்கு மட்டும் எந்தக் காலத்திலும் குறைவில்லை. "உங்கைக்கு வேலயா கெடைக்காது?" என்றாள். வண்டி விற்றால் இரண்டு பேரும் இங்கேயே இருக்கலாம். விற்காவிட்டால் அவன் பூனாவில், அவள் அம்மா வீட்டில். கொம்பையா எழுந்து கையைக் கழுவிவிட்டு, மாரிசெல்வத்துக்குப் போன் போட்டு, அந்த ஊர்வலப் படத்துக்காரர்களில் யாருடைய நம்பராவது கிடைக்குமா என்று கேட்டான்.

அப்படிக் கிடைத்த ஒரு நம்பர் வழியாக, தாண்டவராயன் மார்கழியில் ஒரு காலை வந்தார். சென்னையில் அச்சகம் வைத்திருந்தவர், அறுபது வயதிருக்கும், வீட்டில் ஏற்கனவே மூன்று பழைய கார்கள். நிலைமை சரியில்லை என்று மற்றவர்கள் விற்கிற நேரத்தில்தான் நல்ல வண்டி கிடைக்கும் என்பது அவர் கணக்கு. கொட்டகை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அதைப் பார்த்ததுமே ரத்னா கொம்பையாவின் முழங்கையை இடித்தாள்.

வண்டியை ஒரு சுற்று வந்தார். குனிந்து பக்கவாட்டில் கண்ணை ஓட்டினார்.

"யாரு தம்பி பெயின்ட் பண்ணது?"

"நாந்தான் சார்."

"தனியாவா?"

"ஆமா சார்."

"இந்தக் கலர் எப்படிப் பிடிச்சீங்க?"

"அடியில இருந்துச்சு சார். அதக் கொண்டு போயிக் காட்டிக் கலந்தேன்."

"ரொம்ப நல்லா இருக்கு தம்பி. நான் வச்சிருக்கிற எதுவும் இப்படி இல்லை." முகத்துக்காகச் சொல்லவில்லை என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. கோதண்டம் பெருமையோடு, "அப்பா கைராசிங்க" என்று நடுவில் நுழைந்தார்.

தாண்டவராயன் பானெட்டைத் திறக்கச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் எடுத்தார். எஞ்சினுக்குப் பின்னால் கையை விட்டு, வலது ஓரத்தைத் தடவினார். இடது ஓரம் போனார். மறுபடி வலது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தலையை உள்ளே விட்டார்.

"சேஸிஸ் நம்பர் எங்க தம்பி?"

"அடியில சட்டத்துல இருக்கும் சார். ஜாக்கி போடவா?"

"சட்டமா? இந்த வண்டிக்கு ஏது சட்டம்? லாரி, ஜீப்புக்குத்தான் தனிச் சட்டம். இதுக்கு உடம்பேதான் எல்லாம். நம்பரை இந்தச் சுவர்லதான் குத்தியிருப்பாங்க. இதோ, இந்த இடத்துல."

அவர் விரல் வைத்த இடத்தைக் கொம்பையா பார்த்தான். ஏழு வருஷமாகக் கேபின் தொட்டவன். கேபினில் நம்பர் இருக்காது. நம்பர் எல்லாம் வேறு ஷாப்பில், அடிச் சட்டத்தில், வேறு ஆட்கள் குத்துவது. தகட்டில் இருக்கிற எந்த மேடு பள்ளமும் அவனுக்குக் குறைதான். குறையில்லாத மேடு ஒன்று உலகத்தில் இருக்கக்கூடும் என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை.

"தேச்சிட்டேன் சார்" என்றான்.

அவர் சட்டென்று நிமிரவில்லை. "முழுசாவா?"

"கைக்குத் தட்டிச்சு."

ரத்னா ஓடிப்போய், கழற்றித் துடைத்து மறுபடி பொருத்தியிருந்த கம்பெனித் தகட்டைக் காட்டினாள். "சார், இதுல நம்பர் கீதுங்களே. இத பாருங்க."

"அது ஆணியடிச்ச தகடும்மா. எந்த வண்டியில வேணா கழற்றி மாட்டலாம். பிரேக் இன்ஸ்பெக்டர் பென்சில் வச்சு அச்சு எடுக்கிறது இந்த நம்பரைத்தான். அது ஆர்.சி.யோட ஒத்துப்போனாத்தான் புதுப்பிப்பாங்க." காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "மனுப் போட்டா, போலீஸ் சான்று, லேப் சோதனை எல்லாம் முடிஞ்சு புதுசா நம்பர் குத்தித் தருவாங்க. வழி இருக்கு. ஆனா எனக்கு வேண்டாம் தம்பி. மறுபடி குத்தின நம்பர்னா அது வேற வண்டி."

"விலையக் கொறச்சிக்கிடுங்க சார்."

"விலை இல்ல தம்பி பிரச்சினை."

செருப்பை மாட்டிக்கொண்டு, வண்டியை இன்னொரு முறை பார்த்தார். பிறகு, "பெயின்ட் நிஜமாவே நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கும் புரோக்கர் ஒருவரிடம் கேட்டதில், வழி இருப்பது உண்மைதான் என்று தெரிந்தது. ஆனால் மனுவில் கையெழுத்துப் போட வேண்டியவர் ஆர்.சி.யில் பேர் உள்ளவர். கோதண்டம் போலீஸ் ஸ்டேஷனுக்கு நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும். கொம்பையா அதைச் சொன்னபோது அவர் மாடிப்படியில் நின்று தண்ணீர் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்பர அழிக்கிறவன் யாருப்பா? திருடன்தானே?"

"அண்ணாச்சி, உங்க கண்ணு முன்னாலதான தேச்சேன்?"

"எனக்குத் தெரியும். ஸ்டேஷன்ல கீறவனுக்குத் தெரியுமா? ஏன்டா அழிச்சேன்னு கேப்பான். கைக்குத் தட்டிச்சின்னு சொல்லவா? சிரிப்பான். வண்டி எம்பேர்ல கீது. இப்பதான் எம்பொண்ணு வூட்டுக்காரன் கவர்மென்ட் வேலைக்கி எழுதிகினு கீறான். நா ஸ்டேஷன் வாசல் மிதிக்க மாட்டேன்."

"ஒரே ஒரு தடவ…"

"கொம்பையா, உம்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நீ நல்ல பையன். ஆனா வண்டி இங்க இருக்க வேணாம். தை பொறக்கறதுக்குள்ள எடுத்துடு."

ரத்னா அவரிடம் தனியாகப் போய்ப் பேசிப் பார்த்தாள். அவர் மனைவியிடம் அழுதும் பார்த்தாள். திரும்பி வந்து, "அவரு பயந்துட்டாரு மாமா. பயந்தவங்க கிட்ட இன்னா பேசறது" என்றாள். அதற்குப் பிறகு தண்டலத்து ஷெட்டைப் பற்றி அவள் பேசவில்லை. ஒரு நாள் அந்தப் பக்கம் போனவள், அதில் யாரோ சிக்கன் கடை போட்டிருப்பதாக மட்டும் சொன்னாள்.

கொம்பையா மற்ற எல்லா வழியும் தட்டிப் பார்த்தான். கல்யாண மண்டபத்துக்கு அலங்காரத்துக்கு நிறுத்தக் கேட்டான், பேப்பர் கேட்டார்கள். ஒரு ஓட்டல்காரர் வாசலில் காட்சிக்கு வைக்கலாம் என்றார். அவருடைய வக்கீல் வேண்டாம் என்றார். கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் காயலாங்கடைக்குப் போனான். கடைக்காரர் கொட்டகைக்கே வந்து, வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பார்த்தார்.

"நல்லாத்தானே கீது வண்டி. ஏன் போட்றே?"

கொம்பையா சொன்னான்.

"அய்ய. முழுசா வேணாம்ப்பா. நம்பர் இல்லாத வண்டி முழுசா என் கடைல நின்னா, மொதல்ல என்னத்தான் தூக்கினு போவான். துண்டு துண்டா போட்டுக் குடு, தகடா எடுத்துக்கிறேன்."

"அறுக்க ஆளு அனுப்புவியளா?"

"அதுக்கு ஆள் வுட்டா கணக்கு கட்டாது. உங்கிட்ட கிரைண்டர் கீது இல்ல?"

போகிக்கு முந்தின ஞாயிறு காலையில் ஆரம்பித்தான். கதவுகளைப் போல்ட் கழற்றி எடுத்தான். கண்ணாடிகளை ரத்னா ரப்பரோடு உருவி, பழைய புடவையில் சுற்றி வைத்தாள். பிறகு கிரைண்டரில் அறுக்கும் தகட்டை மாட்டிக் கூரையின் முன்தூணில் வைத்தான். பெயின்ட் முதலில் பழுப்பாகி, பிறகு கொப்புளித்து, பிறகு கருகி உரிந்தது. வாடை தாங்காமல் ரத்னா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். வெளியே போகச் சொன்னான். போகவில்லை. கோதண்டம் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒரு கட்டத்தில் இறங்கி வந்து இரண்டு குடம் தண்ணீர் வைத்துவிட்டு, "நெருப்புப் பொறி பறக்குது, பாத்து" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனார்.

கூரை தனியாக வந்தபோது அதைப் பிடிக்க ஆள் போதவில்லை. சாய்ந்து விழுந்து ஒரு மூலை நசுங்கியது. கொம்பையா அவசரமாகப் போய் நசுங்கலை நிமிர்த்தினான். கிட்டத்தட்ட சரியாகவும் வந்துவிட்டது.

"எதுக்கு மாமா?" என்றாள் ரத்னா.

அவன் கையை எடுத்தான். "தெரியலட்டி."

சாயங்காலம் குட்டியானை வண்டி வந்தது. கடைக்காரர் ஒவ்வொரு துண்டாகத் தராசில் போட்டார். பின்கதவை எடைபோட்டவர், நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார்.

"பட்டியும் பெயின்ட்டும் ரொம்ப தடிமனா கீதே. இத்த இரும்புல சேத்துக்க முடியாது. மொத்தத்துல கழிச்சிக்கிறேன்."

"எவ்ளோ கழிப்பீங்க?" என்று ரத்னா சண்டைக்கு நின்றாள். "அது எவ்ளோ நாள் வேல தெரியுமா உங்களுக்கு?"

"வேலைக்கி எங்கிட்ட ரேட் இல்லம்மா. இரும்புக்குத்தான் ரேட்."

கொம்பையா அவள் தோளைத் தொட்டு, போதும் என்றான். கடைக்காரர் கொடுத்ததை எண்ணாமல் அவளிடம் கொடுத்தான். எஞ்சினை மட்டும் வாங்க மறுத்தார். அதில் நம்பர் இருந்தது, வண்டி எங்கே என்று போலீஸ் கேட்கும் என்றார். அது கொட்டகையிலேயே கிடந்தது. கோதண்டம் பிறகு அதைக் கிணற்று மூடிமேல் பாரத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டார். கொட்டகைக்கு வெள்ளையடித்து, கேன் தண்ணீர்க்காரருக்கு வாடகைக்கு விட்டார்.

பொங்கல் முடிந்து நாலாம் நாள் கீழ்ப்போர்ஷனைக் காலி செய்தார்கள். பாத்திரம், பீரோ, கட்டில் முன்னமே ஆட்டோவில் சுங்குவார்சத்திரம் போய்விட்டன. கோதண்டத்தின் மனைவி ஒரு பாத்திரத்தில் சர்க்கரைப் பொங்கல் மிச்சம் கொடுத்தாள். கொம்பையாவிடம் ஒரு தோள்பை, ரத்னாவிடம் ஒரு கட்டைப்பை. நெடுஞ்சாலை ஓரத்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

"பூனால இன்னா கம்பெனி மாமா?"

"தெரியல. கேபின்தான்னு சொல்லுதான்."

"அங்கியாவது பெர்மனென்ட் பண்ணுவாங்களா?"

அவன் ரோட்டைப் பார்த்தான். கம்பெனி பஸ் ஒன்று, பாதி சீட் காலியாக, ஒரகடம் பக்கம் திரும்பியது. யாரும் கையாட்டவில்லை. உள்ளே யாராவது தெரிந்தவர்களா என்று அவனும் பார்க்கவில்லை.

"எங்கம்மா கேட்டா இன்னா சொல்றது? எப்ப வருவேன்னு?"

"ஆடிக்கு வாரேன்னு சொல்லு."

"வருவியா?"

"லீவு குடுத்தாம்னா வருவேன்."

அவள் தலையை ஆட்டினாள். சர்க்கரைப் பொங்கலை அவன் பையில் வைக்கப் பார்த்தாள். மூடி சரியாக நிற்கவில்லை, அதனால் தன்னிடமே வைத்துக்கொண்டாள். அவன் போக வேண்டியது சென்னைப் பக்கம். அவள் போக வேண்டியது எதிர்ப்பக்கம். லாரிகள் விடாமல் வந்தன. இடைவெளி கிடைத்ததும் அவள் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுத்திட்டு வரை ஓடினாள், நின்றாள், மறுபடி ஓடினாள். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, இந்தப் பக்கம் திரும்பி நின்றாள். இருவருக்கும் நடுவில் வண்டிகள் போய்க்கொண்டே இருந்ததால், அவள் ஏதோ சொன்னது கேட்கவில்லை. காதில் கை வைத்து என்ன என்று கேட்டான். அவள் ஒன்றுமில்லை என்பது போல் கையை அசைத்தாள்.

அவளுடைய பஸ்தான் முதலில் வந்தது.